வானில் மோதும் குரல்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

ஆண்டு விழா மேடை என்றால் குறளையோ கம்பனையோ எடுத்துப் பேசுதல் மரபு. அவற்றைப் பேசுதற்கு நம்மினும் வல்லார் இவ்வவையில் பலர் உளர். பத்தாம் வகுப்போடு பள்ளியை விடுத்து, ரெயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு இருபதாண்டுகளைக் கழித்த நமக்கு அத்தகுதி இல்லை. ஆதலின் செயலாளர் அவர்கள் பணித்தபோது, நம் குடியிருப்பில் ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த பொருளைப் பற்றிப் பேசலாம் என்று இசைந்தோம். அப்பொருள் வானொலி, அதிலும் விளையாட்டை எடுத்துரைக்கும் வானொலி.

இதற்குத் தூண்டுகோலாக அமைந்தது நம் சிறுவர்கள் கேட்ட ஒரு வினா. 2014ஆம் ஆண்டில் கேரளா பிளாஸ்டர்ஸ் அணி தோன்றியபின், கலூர் விளையாட்டரங்கில் அவ்வணி ஆடிய ஆட்டங்களுக்கு மஞ்சள் சட்டை அணிந்த மக்கள் ஆயிரமாயிரமாகத் திரண்டதை நாம் கண்டோம். படகு ஏறிச் சென்றோரும் பேருந்தில் தொங்கிச் சென்றோரும் நம் தெருவிலும் உண்டு. "இத்தனை பேர் பந்தாட்டத்தின்மேல் உயிராக இருக்கும் ஊரில், விளையாட்டிற்கென்றே ஒரு வானொலி ஏன் இல்லை, மாமா?" என்பது சிறுவர்கள் வினா. வினா சிறிது, விடை சிறிதன்று.

விளையாட்டிற்கென்றே வானொலி நடத்துதல் இயலாத செயலா? இல்லை. அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரில் 1987ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளன்று டபிள்யூ.எஃப்.ஏ.என். என்னும் நிலையம் இரவும் பகலும் விளையாட்டையே பேசத் தொடங்கிற்று. அந்த எழுத்துகளின் பிற்பகுதியைச் சேர்த்துப் படித்தால் 'ஃபேன்', அதாவது இரசிகன் என்று வரும். எழுத்தையே பெயராக்கி விட்ட சாமர்த்தியத்தை நாம் மெச்சத்தான் வேண்டும். அடுத்த ஆண்டே அந்நிலையம் 1050 என்ற அலையெண்ணை விட்டு 660 என்ற எண்ணுக்குக் குடிபெயர்ந்தது. எண் மாறிற்று, பெயர் மாறவில்லை, கேட்போர் பெயரைப் பின்தொடர்ந்து சென்றனர்.

நம் நாட்டிலோ நிலைமை வேறு. தனியார் பண்பலை நிலையங்கள் செய்தியைத் தாமே தொகுத்துச் சொல்லலாகாது என்பது விதி. விளையாட்டையும் அந்த விதி தொட்டது. 2011ஆம் ஆண்டில் மத்திய அரசு வெளியிட்ட மூன்றாங்கட்டப் பண்பலைக் கொள்கையில், விளையாட்டுப் பற்றிய தகவல்களைக் கூறலாம், நேரடி ஒலிபரப்பு மட்டும் கூடாது என்று வரைந்து, அதன் பின்னாலேயே, உள்ளூர்த் தன்மையுடைய ஆட்டங்களின் நேர்முக வருணனையை மட்டும் அனுமதிக்கலாம் என்று ஒரு சிறு வாயிலையும் திறந்து வைத்தனர். இந்தச் சிறு வாயிலை அன்பர்கள் நினைவில் கொள்ள வேண்டும். பின்னர் அதற்கு வருவோம்.

பெரிய ஆட்டங்களின் நிலை என்னவெனில், ஒலிபரப்பும் உரிமையைப் பெருந்தொகை கொடுத்து வாங்கியவரே அவற்றிற்கு உடையவர். இதில் எழுந்த வழக்கு ஒன்று இந்நாட்டுச் சட்ட வரலாற்றிலேயே இடம் பெற்றுவிட்டது. 1993ஆம் ஆண்டில் ஹீரோ கோப்பைப் போட்டியை நடத்திய வங்காளக் கிரிக்கெட் சங்கத்திற்கும் தூர்தர்சனுக்கும் பூசல் மூண்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. நீதிபதிகள் சாவந்த், மோகன், ஜீவன் ரெட்டி ஆகிய மூவரும் 1995ஆம் ஆண்டு பிப்ரவரி 9ஆம் நாளன்று தீர்ப்பளித்தனர். வானலைகள் பொதுமக்களின் சொத்து. அரசும் அதற்கு ஏகபோக உரிமை கொண்டாடலாகாது என்றது அத்தீர்ப்பு. ஒரு பந்தாட்டப் பூசலிலிருந்து இத்துணைப் பெரிய நீதி பிறந்தது வியப்பே. அதன்பின் 2007ஆம் ஆண்டில் வந்த சட்டப்படி, தேசிய முக்கியத்துவம் உடைய ஆட்டங்களின் ஒலி ஒளியைத் தனியார் பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். வருவாயில் தொலைக்காட்சிக்கு நூற்றுக்கு 75 பங்கு உரிமையாளர்க்கும் 25 பங்கு பிரசார் பாரதிக்கும், வானொலிக்கோ சரிபாதி. வானொலியில் வரும் பணம் சிறிது என்பதாலோ என்னவோ, பங்கு பிரிப்பதில் மட்டும் அதற்குச் சமத்துவம் கிட்டியுள்ளது!

வானலை பொதுச்சொத்து என்றால் அதில் யார் வேண்டுமாயினும் பேசலாமே எனின், பேசலாகாது. ஏன் என்பதை அறிய நாம் வெகுதூரம் போக வேண்டுவதில்லை. இந்த ஜூ டவுன் தெருவிலேயே மிளகு வணிகர் சங்கக் கட்டடம் உள்ளது. மின்னணு முறை வருவதற்கு முன், அங்கே வியாபாரிகள் ஒரே கூடத்தில் நின்று ஒருவர் குரல்மேல் ஒருவர் குரலை ஏற்றி விலை கூவினர். பழகிய வணிகனுக்கு அதில் எவர் குரல் எவருடையது என்பது தெரியும். வழியே போகிறவனுக்கு அது வெறும் இரைச்சல். வானமும் அத்தகைய ஒரு கூடமே. அங்கே ஒவ்வொருவர்க்கும் ஒரு சுருதியை வகுத்துக் கொடுத்து, "நீ இதில் மட்டும் பேசு" என்று கட்டளையிட ஓர் அலுவலகம் வேண்டும். நம் நாட்டில் 1952ஆம் ஆண்டு முதல் அப்பணியைச் செய்வது மத்திய அரசின் கம்பியில்லாத் தந்தித் திட்டப் பிரிவு. ஒரே நகரில் உள்ள பண்பலை நிலையங்களுக்கு இடையே 0.8 மெகா ஹெர்ட்ஸ் இடைவெளி விட்டு எண்களை வகுத்தனர். நாம் 92.7 என்றும் 93.5 என்றும் 94.3 என்றும் எண்களைக் கேட்டுப் பழகியிருப்பதன் காரணம் இதுவே. கூட்டிப் பார்த்தால் கணக்குச் சரியாக வரும்.

அலைகள் எல்லாம் ஒரே குணம் உடையனவும் அல்ல. பண்பலை, கண்ணுக்கு எட்டுகிற தூரத்தைப் போல நேர்கோட்டில் செல்வது. மலை குறுக்கிட்டால் நின்றுவிடும். ஒரே எண்ணில் இரண்டு பண்பலைக் குரல்கள் வந்தால், வலிய குரல் மெலிய குரலை முற்றிலும் அடக்கிவிடும். மத்திய அலையின் இயல்பு அதற்கு நேர்மாறானது. அதில் இரண்டு நிலையங்கள் மோதினால் இரண்டும் கேட்கும். ஊடே ஒரு சீழ்க்கை ஒலியும் கேட்கும். பகலில் மத்திய அலை நிலத்தைத் தழுவிச் சிறிது தூரமே போகும். பொழுது சாய்ந்தபின், பகலில் அதை விழுங்கிவந்த வான்மண்டல அடுக்கு மறைந்துவிட, மேலே உள்ள அடுக்கில் பட்டுத் திரும்பிப் பல நூறு கிலோமீட்டர் அப்பால் சென்று இறங்கும். இரவில் தொலைதூர நிலையங்கள் தாமாகவே நம் வீட்டிற்குள் வந்தது இதனால்தான்.

நம் ரெயில் வழியிலேயே இதற்குச் சான்று உண்டு. கொச்சியிலும் திருச்சூரிலும் ரேடியோ மாங்கோவின் எண் 91.9. எண்ணும் ஒன்று, பெயரும் ஒன்று, ஆனால் நிலையம் இரண்டு. எர்ணாகுளத்திலிருந்து திருச்சூருக்கு ஏறத்தாழ 75 கிலோமீட்டர். சன்னல் ஓரத்தில் கைவானொலியை வைத்துக்கொண்டு சென்றால், அங்கமாலி கடந்து சாலக்குடியை நெருங்கும்போது கொச்சிக் கடைகளின் விளம்பரம் பாதியில் அறுந்து, திருச்சூர் நகைக்கடையின் விளம்பரம் பாதியில் தொடங்கும். சில பொழுது வண்டி ஒரு வளைவில் திரும்ப, கொச்சிக் குரல் மீண்டும் தலைகாட்டும். கேட்போர் பெரும்பாலோர் இம்மாற்றத்தை உணர்வதே இல்லை. பெயர் ஒன்றாக இருக்கும்போது மோதலும் மறைந்து போகிறது. இதில் முதலாளிக்கு ஆதாயம் உண்டு. நமக்கு நட்டம் ஒன்றும் இல்லை.

அதே வண்டியில் இன்னும் கிழக்கே போவோம். கொச்சியில் 93.5 என்றால் ரெட் எஃப்.எம். பாலக்காட்டுக் கணவாயைக் கடந்து வாளையாறு தாண்டினால் அதே 93.5 சூரியன் எஃப்.எம். ஆகிவிடும், மலையாளம் மறைந்து கோவைத் தமிழ் ஒலிக்கும். இருபுறமும் மலைச்சுவர் நிற்க, அந்த இடைவெளி ஒன்றின் வழியாகவே காற்றும் வருகிறது, ரெயிலும் வருகிறது, வானலையும் வருகிறது. இவ்விரண்டு நிலையங்களும் சன் குழுமத்தைச் சேர்ந்தனவே. கேரளத்தில் முதலில் எஸ்.எஃப்.எம். என்று வழங்கியது, 2009ஆம் ஆண்டில் ரெட் என்று பெயர் மாறிற்று. தமிழ்நாட்டில் மட்டும் சூரியன் சூரியனாகவே நின்றது. தமிழர் நாவில் படிந்த பெயரை அழித்தால் வணிகம் நட்டப்படும் என்பதை வணிகர் அறிவர். இனி, கடல் கடந்து நோக்குவோமாயின் இலங்கையிலும் ஒரு சூரியன் எஃப்.எம். உண்டு. அது 1998ஆம் ஆண்டு தொடங்கியது, தமிழ்நாட்டுச் சூரியனுக்கு ஐந்தாண்டு மூத்தது, உடையவர் வேறு. இங்கே ஓர் உடைமையாளர்க்கு இரண்டு பெயர். அங்கே ஒரு பெயர்க்கு இரண்டு உடைமையாளர். எண்ணை ஓர் அலுவலகம் தருகிறது; பெயரை வேறோர் அலுவலகம் 1999ஆம் ஆண்டின் வணிகக் குறிச் சட்டப்படி பதிவு செய்கிறது. நம் ரெயில்வேயில் போலவே இரண்டு அலுவலகங்களும் ஒன்றையொன்று கேட்பதில்லை.

பெயர் என்னும் பொருளில் இத்தெருவிற்கும் ஒரு தொடர்பு உண்டு. இங்குள்ள யூதர் வழிபாட்டிடம் 1568இல் எழுந்தது. அதன் மணிக்கூண்டு 1760ஆம் ஆண்டினது. ஒரே கூண்டின் முகங்களில் எபிரேய எழுத்திலும், ரோமானிய எழுத்திலும், மலையாள எழுத்திலும் நேரம் காட்டினர். யார் பார்த்தாலும் மணி ஒன்றே. (தமிழ் எழுத்தில் ஒரு முகம் வைத்திருக்கலாமே என்று நம் சங்கத்து நண்பர் ஒருவர் ஒவ்வோர் ஆண்டும் கூறுவார். அவர் ஆதங்கத்தை இவ்வாண்டும் பதிவு செய்கிறோம்.) இன்னொரு செய்தி. அகில இந்திய வானொலி காலையில் தொடங்குமுன் ஒலித்த அந்த வயலின் இசையை நம்மில் அறியாதார் யார்? அதை அமைத்தவர் வால்டர் காஃப்மன் என்பர். அவர் ஐரோப்பாவில் யூதர்க்கு நேர்ந்த கொடுமைக்கு அஞ்சி 1934இல் பம்பாய்க்கு வந்த அகதி. நிலையத்தின் பெயரை அறியாத குழந்தையும் அவ்விசையைக் கேட்டு, "ரேடியோ தொடங்கிவிட்டது" என்று கூறிற்று. அதைக் காட்டிலும் உறுதியான வணிகக் குறியை எந்த வழக்கறிஞரும் எழுதித் தர இயலாது.

பெயரை அரசு மாற்றினாலும் மக்கள் நா உடனே மாறுவதில்லை. ரேடியோ சிலோன் 1967இல் கூட்டுத்தாபனம் ஆயிற்று. 1972இல் மீண்டும் பெயர் மாறிற்று. நம் தாய்மார்கள் கடைசி வரை 'சிலோன் ரேடியோ' என்றே கூறினர். 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் 'ஆல் இந்தியா ரேடியோ' என்ற பெயரை விடுத்து 'ஆகாசவாணி' என்றே எங்கும் வழங்க வேண்டும் என்று பிரசார் பாரதி ஆணையிட்டபோது, தமிழ்நாட்டிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. அவ்வரசியல் இம்மேடைக்கு வேண்டாம். 'வானொலி' என்ற இனிய சொல் நம்மிடம் இருக்க வேறு சொல்லைத் தேடுவானேன் என்று மட்டும் கூறி அப்பால் செல்வோம்.

விளையாட்டு ஒலிபரப்பில் பெயர்ப் பூசல் எவ்வளவு நுட்பமாக எழக்கூடும் என்பதற்கு இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கைக் கூறுதல் தகும். 2000ஆம் ஆண்டு ஐரோப்பியக் கால்பந்துப் போட்டிக்கு வானொலி உரிமை பி.பி.சி.யிடம் இருந்தது. டாக்ஸ்போர்ட் என்னும் விளையாட்டு வானொலிக்கு உரிமை இல்லை. அந்நிலையத்தார் என் செய்தனர்? ஆம்ஸ்டர்டாமில் ஒரு விடுதி அறையில் அமர்ந்து, தொலைக்காட்சியில் ஆட்டத்தைப் பார்த்தே வருணனை செய்தனர்! "இவர்கள் மைதானத்தில் இருப்பதுபோல நடிக்கின்றனர்; எங்கள் சரக்கைப் போலத் தங்கள் சரக்கை விற்கின்றனர்" என்று பி.பி.சி. வழக்காடிற்று. நீதிமன்றம் தடையாணை வழங்க மறுத்தது. இத்தந்திரம் புதிதன்று. 1938ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் நடந்த கிரிக்கெட் ஆட்டங்களை ஆஸ்திரேலிய வானொலியார் சிட்னி நகரில் இருந்தவாறே, கடல்தந்தியில் வந்த சுருக்கங்களைக் கொண்டு வருணித்தனர். மட்டையில் பந்து படும் ஒலிக்குப் பென்சிலால் மரத்தைத் தட்டினர். கேட்டவர்கள் மகிழ்ந்தனர், யாரும் வழக்குத் தொடரவில்லை.

அந்த டாக்ஸ்போர்ட் நிலையத்திற்கு உரிய அலையெண்களில் ஒன்று 1053. அதே 1053 நம் தூத்துக்குடி வானொலிக்கும் உரியது. இலங்கைத் தமிழர் கேட்க வேண்டும் என்றே 200 கிலோவாட் ஆற்றலோடு அமைக்கப்பட்டது. இடையே பல்லாயிரம் கல் தொலைவு இருப்பதால் அவ்விரண்டும் மோதுவதில்லை. ஒரு நாட்டு அலை மற்றொரு நாட்டில் போய் விழுவதைப் பொறியாளர் குற்றம் என்பர். ஆனால் அதையே நோக்கமாகக் கொண்டு நிலையம் எழுப்பியதும் உண்டு என்பதற்குத் தூத்துக்குடியே சான்று.

இங்கேதான், அன்பர்களே, நாம் கூற வந்த பொருளின் உயிர்நிலை இருக்கிறது. மட்டாஞ்சேரியில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கென்று எவரும் நிலையம் எழுப்பவில்லை. கொச்சி வானொலி 1989இல் பண்பலையில் எழுந்தது. அதன் மொழி மலையாளம். ஆலப்புழையின் 576உம் திருச்சூரின் 630உம் மலையாளமே. அது முறையே, நாம் குறை கூறவில்லை. நமக்கு வந்த தமிழ் எல்லாம் எல்லை மீறி வந்த தமிழ். இருள் கவிந்தபின் 936இல் திருச்சிராப்பள்ளியும், 1197இல் திருநெல்வேலியும், 999இல் கோவையும் இரைச்சலோடும் சீழ்க்கையோடும் வந்து இறங்கின. எரிபொருள் கொடாமல், பயணச்சீட்டு வாங்காமல், சோதனைச் சாவடியில் நிற்காமல் வந்த உறவினர் அவர்கள்!

சேப்பாக்கத்தில் பொங்கல் நாள்களில் டெஸ்ட் ஆட்டம் நடந்த காலங்களில், தமிழ் வருணனையைப் பிடிப்பதற்குப் பகலில் நம் வீட்டுத் தந்தையர் பட்ட பாடு கொஞ்சமன்று. கைவானொலியைத் தென்னை மரத்தடியில் வைப்பர். பின் கிணற்று மேடையில் வைப்பர். செம்புக் கம்பியைச் சன்னலில் கட்டுவர். அப்துல் ஜப்பார், இராமமூர்த்தி, கூத்தபிரான் ஆகியோர் குரல்கள் அலைபோல் எழுந்து அமிழும். விக்கெட் விழும் நேரத்தில் குரல் அமிழ்ந்துவிட்டால், அடுத்த பந்து வரை எவர் ஆட்டமிழந்தார் என்று வீட்டில் வாதம் நடக்கும். சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் அவர்கள் தமிழில் கிரிக்கெட் வருணனையைத் தொடங்கியது 1980ஆம் ஆண்டில், தமிழ்நாடும் கேரளமும் மோதிய ரஞ்சிக் கோப்பை ஆட்டத்தில் என்பதை நினைக்கும்போது நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி. பிறந்த மண்ணும் பிழைக்கும் மண்ணும் எதிரெதிரே நின்ற ஆட்டம் அது. அவர் 2020ஆம் ஆண்டு டிசம்பரில் மறைந்தார்.

இவ்வாறு எதிரெதிர் நிற்கும் சங்கடம் நமக்குப் புதிதன்று. 1973ஆம் ஆண்டு டிசம்பரில் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரி மைதானத்தில் கேரளம் முதன்முதலாகச் சந்தோஷ் கோப்பையை வென்றது. எதிர்த்து ஆடியது எந்த அணி? நம் ரெயில்வே! தலைவர் மணி தனியொருவராக மூன்று கோல் அடிக்க, 3-2 என்று ரெயில்வே தோற்றது. மைதானத்தில் இடம் கிடையாதோர் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து நின்றனர் என்றும், ரெயில்வே குடியிருப்பில் அன்றிரவு சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இருந்தனர் என்றும் முன்னவர் கூறக் கேட்டுள்ளோம்.

இந்த எல்லை மீறிய தமிழால் நம் பிள்ளைகள் பெற்றது யாது? தமிழ்ப் பள்ளி இல்லாத ஊரில், மட்டை, பந்துவீச்சு, ஓட்டம், எல்லைக்கோடு, ஆட்டமிழப்பு என்னும் சொற்களை நாம் பாடநூலில் கற்கவில்லை. நல்ல தமிழில் விரைந்து பேசுவது எப்படி என்பதையும் அக்குரல்களே கற்பித்தன. தேடிச் சென்று கற்றதன்று அது. குமிழைத் திருகும்போது தற்செயலாக வந்து விழுந்தது. இப்போதோ பல சிற்றலை, மத்திய அலை ஒலிபரப்பிகள் மூடப்பட்டுவிட்டன. கைப்பேசிச் செயலியில் நிலையங்கள் எல்லாம் தனித்தனிக் கட்டத்தில், சிறிதும் இரைச்சலின்றித் தெளிவாக ஒலிக்கின்றன. தெளிவு நன்றே. ஆயின் செயலியில் எந்த நிலையமும் மற்றொன்றின்மேல் வந்து விழுவதில்லை. தமிழைத் தேடுகிற பிள்ளைக்குத் தமிழ் கிடைக்கும். தேடாத பிள்ளைக்கு அது ஒருபோதும் தானே வந்து காதில் விழாது. நாம் அஞ்சுவது இதற்கே.

முன்பு கூறிய சிறு வாயிலுக்கு இப்போது வருகிறோம். உள்ளூர் ஆட்டங்களின் நேர்முக வருணனைக்குத் தனியார் நிலையங்களுக்கும் இடம் உண்டு. கோடிக்கணக்கில் உரிமை வாங்க வேண்டிய ஆட்டத்தை நாம் கேட்கவில்லை. ஃபோர்ட் கொச்சியில் வேலி மைதானமும் பரேடு மைதானமும் உள்ளன. அங்கே மழை ஓய்ந்தபின் நடக்கும் கால்பந்தாட்டங்களில் நம் குடியிருப்புப் பிள்ளைகளும், மலையாளிப் பிள்ளைகளும், கொங்கணிப் பிள்ளைகளும், குசராத்திப் பிள்ளைகளும் ஒரே பந்தை உதைக்கின்றனர். அத்தகைய ஓர் ஆட்டத்தை, முற்பாதி மலையாளத்திலும் பிற்பாதி தமிழிலும் வருணிக்க அரைமணி நேரம் தரவேண்டும் என்று கொச்சியில் உள்ள நிலையங்களுக்கு நம் சங்கத்தின் பெயரால் விண்ணப்பம் எழுதலாம் என்பது நம் கருத்து. சமுதாய வானொலி என்னும் வழியும் உண்டு. 2006ஆம் ஆண்டு முதல், மூன்றாண்டு பணியாற்றிய இலாப நோக்கற்ற அமைப்புகள் 50 வாட் ஒலிபரப்பி வைக்க உரிமம் கேட்கலாம். அது சில கிலோமீட்டரே செல்லும். அதற்குப் பணமும் ஆளும் வேண்டும். நம் சங்கத்தின் வரவு செலவுக் கணக்கைச் சற்று முன் பொருளாளர் வாசித்ததைக் கேட்ட பின், அதை வற்புறுத்த நமக்குத் துணிவில்லை.

விண்ணப்பத்திற்கு ஒரு தாளும் அஞ்சல் தலையும் போதும். அதன் படியைச் செயலாளரிடம் கொடுத்துள்ளோம், இசைவுடையோர் கையெழுத்திடலாம். வருணனை செய்ய விரும்பும் பிள்ளைகள், ஆண் பெண் இருபாலாரும், வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வேலி மைதானத்திற்கு வருக. ஒலிபெருக்கி வேண்டியதில்லை. கோல் கம்பத்தின் பக்கத்தில் நின்று உரக்கச் சொல்லிப் பழகினால் போதும்; பிழை நேர்ந்தால் ஆடுகிறவர்களே திருத்துவர்.